ஷார்ட்டேஜை எல்லார் தலையிலும் கட்டும் கடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிகளுக்கும், அண்ணாச்சிமார்களுக்கும், "எம்டி சார்" என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும் அடுத்த தலைமுறைக்கும்,

வணக்கம். சூப்பர் மார்க்கெட், ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, பெரிய மளிகைக்கடை என்று தென்மாவட்டக் கடைகளில் ஸ்டாக் எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. கம்ப்யூட்டரில் இருக்கிற சரக்குக்கும், ரேக்கிலும் குடோனிலும் நிஜமாக இருக்கிற சரக்குக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எண்ணிச் சொல்வேன், கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அந்த வித்தியாசத்தைக் கடைகளில் ஷார்ட்டேஜ் என்பார்கள். நான் தாளை நீட்டியதும் உங்களில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "எவம்ல எடுத்தான்?" அடுத்தது கேள்வியில்லை, மேனேஜரைப் பார்த்துப் போடும் உத்தரவு: "இந்த மாசம் எல்லார் சம்பளத்துலயும் பிடிச்சிருங்க."

அந்த உத்தரவைப் பற்றித்தான் இந்த மடல். அந்தப் பிடித்தம் உங்கள் கடையில் திருட்டைக் குறைக்கவில்லை, வளர்க்கிறது. தொழிலாளி மேல் இரக்கம் காட்டுங்கள் என்று கேட்க வரவில்லை (அதைக் கேட்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்றும் தெரியும்). உங்கள் பணத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

முதலில் இந்த ஷார்ட்டேஜுக்குள் என்னென்ன கிடக்கிறது என்று பாருங்கள். துவரம்பருப்பு 50 கிலோ மூட்டையைப் பிரித்து அரைக்கிலோ பாக்கெட் போடுகிறார்கள். எடை குறைந்தால் வாங்கினவர் சண்டைக்கு வருவார் என்று பாக்கெட்டுக்கு 3 கிராம் கூடவே விழும். 100 பாக்கெட்டில் 300 கிராம் போச்சு. மூட்டை வரும்போதே எடை சரியாக இருந்ததா என்பது வேறு கதை, லோடு இறக்கும் நேரத்தில் லாரிக்காரர் அவசரப்படுத்துவார், பில்லை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். "மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்" சோப்பில் அந்த நாலாவது சோப்பு பில்லில் ஏறாமலே வெளியே போகும். ஒரே விலையில் நாலு வாசனையில் ஷாம்பு இருக்கும். வரிசை நீளமாக நிற்கிற நேரத்தில் பில் போடும் பிள்ளை ஒரு பாட்டிலை ஸ்கேன் செய்து, எண்ணிக்கையில் நாலு என்று அடித்துவிடும். கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போது ஒரு வாசனையில் மூன்று பாட்டில் கூடுதலாக நிற்கும், மற்ற மூன்றிலும் ஒவ்வொன்று குறையும். கூடியதைக் கண்டுகொள்ளாமல் குறைந்ததை மட்டும் கூட்டி எழுதும் மேனேஜர்களைப் பார்த்திருக்கிறேன். உடைந்த பாட்டிலைச் சொன்னால் திட்டு விழும் என்று சொல்லாமல் குப்பைக்குப் போன சரக்கு இருக்கும், எலி கடித்தது இருக்கும், தேதி முடிந்தும் எழுதாமல் விட்டது இருக்கும். வாடிக்கையாளர் கைவரிசை தனி.

அப்புறம் இன்னொன்று. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டுக்குப் போகும் சரக்கு. அம்மா ஃபோன் பண்ணுவார், டிரைவர் வந்து நெய், முந்திரி, சோப்புத்தூள் என்று ஒரு அட்டைப்பெட்டி நிறைய எடுத்துப் போவார், பில் கிடையாது. மைத்துனர் வந்தால் பிள்ளைகளுக்குச் சாக்லேட். தீபாவளிக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் இன்னும் சில ஆபீஸ்களுக்கும் போவது. எல்லாம் உங்கள் சரக்கு, யாரும் கேட்க முடியாது. ஆனால் அந்த அட்டைப்பெட்டி வருஷக் கடைசியில் என் தாளில் ஷார்ட்டேஜாக வந்து நிற்கிறது, அதையும் சேர்த்துத்தான் கடைப் பிள்ளைகள் சம்பளத்தில் பிடிக்கிறீர்கள். டிரைவர் கையில் அந்தப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தவனே அவர்களில் ஒருவன்தான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது பெட்டியைத் தூக்கிக் கொடுத்தவனுக்குத் தெரியாதா?

சரி, இவ்வளவும் போக, வேலை பார்ப்பவர்கள் எடுப்பதும் உண்டுதான். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏன் எடுக்கிறார்கள் என்பதுதான் பேச்சு.

11,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் ஷார்ட்டேஜ் என்று 800 ரூபாய் பிடித்துவிட்டார்கள். அவன் ஒரு மிட்டாய்கூட எடுக்கவில்லை. பக்கத்து ரேக்கில் நிற்பவன் மாதம் 3,000 ரூபாய்க்குச் சரக்கைக் கடத்துகிறான், அவனுக்கும் 800தான், மீதி 2,200 அவனுக்கு லாபம். பிளஸ் டூ முடித்த பையனுக்கு இந்தக் கணக்கு விளங்க எத்தனை மாதம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? மூன்றாவது மாதம் அவன் ஒரு டியோடரன்ட்டை இடுப்பில் செருகும்போது திருடுகிறோம் என்று அவன் மனசு சொல்லாது. என் காசு உள்ளே நிற்கிறது, அதை எடுக்கிறேன் என்றுதான் சொல்லும். அதுவரை கை வைக்கக் கூசிய ஆள் அவன். அந்தக் கூச்சம்தான் உங்கள் கடைக்கு உண்மையான காவல், கேமரா அதற்கு அடுத்துத்தான்.

டொனால்ட் கிரெஸ்ஸி என்று ஓர் அமெரிக்கக் குற்றவியலாளர் இருந்தார். நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடிச் சிறைக்குப் போனவர்களைச் சிறைக்குள்ளேயே சந்தித்துப் பேசி, 1953இல் தன் முடிவுகளை வெளியிட்டார். அவர் கண்ட மூன்று விஷயங்களை இன்றைக்கும் தணிக்கைக்காரர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். வெளியே சொல்ல முடியாத ஒரு பணக் கஷ்டம், எடுக்க ஒரு வழி, மனசுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு நியாயம். இதில் கவனிக்க வேண்டியது மூன்றாவதுதான். நம்மில் பலர் நினைப்பதுபோல ஆள் முதலில் திருடிவிட்டுப் பிறகு சாக்குத் தேடுவதில்லை. "கடனாகத்தான் எடுக்கிறேன், திருப்பி வைத்துவிடுவேன்" என்ற மாதிரி ஒரு நியாயம் மனசில் முதலில் உட்காருகிறது, அதற்கப்புறம்தான் கை நீள்கிறது. உங்கள் கடையில் அந்த நியாயத்தை யாரும் மெனக்கெட்டு உண்டாக்க வேண்டியதே இல்லை, சம்பளச் சீட்டிலேயே "ஷார்ட்டேஜ் பிடித்தம்" என்று அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறீர்கள்.

"அப்படி எல்லாம் இல்ல தம்பி, சம்பளம் குறைஞ்சா எவனும் கை வைப்பான், அதுல என்ன மனோதத்துவம்?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குப் பதிலாக ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். ஜெரால்ட் கிரீன்பெர்க் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1990இல் வெளியிட்டது. அங்கே ஒரு கம்பெனிக்குப் பெரிய ஆர்டர்கள் கைநழுவிப் போயின. ஆளைக் குறைக்காமல் இருக்க, இரண்டு தொழிற்சாலைகளில் 10 வாரத்துக்குச் சம்பளத்தை 15 சதவீதம் வெட்டினார்கள். மூன்றாவது ஒன்றில் வெட்டவில்லை, அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. வெட்டிய இரண்டில் ஒன்றில் கம்பெனித் தலைவரே வந்து கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கணக்கைக் காட்டி, வருத்தம் சொல்லி, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். இன்னொன்றில் பதினைந்து நிமிடத்தில் கூட்டம் முடிந்தது, வெட்டுகிறோம், இத்தனை வாரம், அவ்வளவுதான்.

வெட்டு இரண்டிலும் ஒன்றேதான். திருட்டு ஒன்றாக இல்லை. அதுவரை மூன்று இடத்திலும் சுமார் 3 சதவீதமாக இருந்த சரக்கு இழப்பு, ஒன்றரை மணி நேரம் பேசிய இடத்தில் கொஞ்சம் ஏறியது. பதினைந்து நிமிடத்தில் முடித்த இடத்தில் 8 சதவீதத்தையும் தாண்டியது, ஆட்களும் அங்கேதான் அதிகமாக வேலையை விட்டுப் போனார்கள். பழைய சம்பளம் திரும்ப வந்ததும் திருட்டு பழைய அளவுக்கே இறங்கிவிட்டது. அந்தப் பெரியவர் சொன்னதும் பாதி சரிதான், நன்றாகப் பேசிய இடத்திலும் கொஞ்சம் ஏறத்தான் செய்தது. ஆனால் பெரிய வித்தியாசம், காசு குறைந்ததில் வரவில்லை, "உனக்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை" என்று நடத்தியதில் வந்தது.

1997இல் ஸ்கார்லிக்கி, ஃபோல்கர் என்ற இருவர் தொழிற்சாலை ஆட்களிடம் செய்த இன்னோர் ஆராய்ச்சியும் கிட்டத்தட்ட இதே பக்கம்தான் போகிறது. கிடைக்கும் பலன் அநியாயமாகத் தோன்றுவது மட்டும் ஆளைப் பழிவாங்கத் தூண்டுவதில்லை, முடிவெடுத்த விதமும் அநியாயம், பேசிய விதத்திலும் மரியாதை இல்லை என்று மூன்றும் சேரும்போதுதான் மிஷினைக் கெடுப்பது, சரக்கை வீணாக்குவது எல்லாம் தலைதூக்குகிறது. மொத்தப் பிடித்தத்தில் இந்த மூன்றும் ஒரே கவரில் வருகிறது: எடுக்காதவனுக்கும் வெட்டு, விசாரணை கிடையாது, சொல்பவர் மேனேஜர், சொல்லும் தொனி உங்களுக்கே தெரியும்.

நீங்கள் இதற்குச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: எல்லாருக்கும் பிடித்தால் ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கொள்வான், காட்டிக்கொடுப்பான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பது என்ன? எடுத்தவனும் பார்த்தவனும் கடை மாடியில் ஒரே ஹாஸ்டல் அறையில் பாய் விரிக்கிறார்கள். சொன்னால் ராத்திரி அடி விழும், இல்லை ஊரில் அவன் சித்தப்பா இவன் அப்பாவைக் கேட்பார். எடுத்தவன் மேனேஜருக்கு வேண்டியவனாக இருந்தால் சொன்னவன் வேலைதான் முதலில் போகும். அப்படியே பிடித்துக் கொடுத்தாலும், ஏற்கெனவே பிடித்த 800ஐத் திருப்பிக் கொடுத்த கடையை நான் இதுவரை பார்த்ததில்லை. பிறகு எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சந்தேகப்படுகிறார்கள், உங்களுக்கு எதிராக மட்டும் ஒற்றுமையாக இருக்கிறார்கள்.

திருட்டையே பேசிக்கொண்டிருக்கிறோம், அது உங்கள் நஷ்டத்தில் சின்னப் பங்கு என்பது என் அபிப்பிராயம். பெரிய பங்கை என்னால் எண்ணித் தர முடியாது, எந்தத் தாளிலும் அது வராது. வாடிக்கையாளர் வந்து "இந்தச் சுடிதார்ல எக்ஸ்எல் இருக்கா?" என்று கேட்கிறார். மாடி குடோனில் இருக்கிறது. ஏறி இறங்க வேண்டும், காலையிலிருந்து நின்ற கால். "இல்லக்கா, முடிஞ்சிருச்சு." அவ்வளவுதான். யாரும் எதையும் எடுக்கவில்லை, கேமராவில் ஒன்றும் தெரியாது, ஒரு விற்பனை வாசலைத் தாண்டிப் போய்விட்டது. பழைய தேதி பிஸ்கட் பின்னால் கிடப்பது தெரிந்தும் புதுச் சரக்கை முன்னால் அடுக்குவது, ஃப்ரீசர் கதவு சரியாக மூடவில்லை என்று பார்த்துவிட்டுத் தாண்டிப் போவது, பில்லில் தப்பான விலை வருவது தெரிந்தும் "நமக்கென்ன" என்று இருப்பது, எல்லாம் இதே வகைதான். 1995இல் ராபின்சன், பென்னட் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் வேலையிடத்துக் கேடுகளை வகைப்படுத்தியபோது, திருட்டையும் உடைப்பையும் ஒரு பக்கமும், வேண்டுமென்றே மெதுவாகச் செய்வதையும் வேலையை அரைகுறையாக விடுவதையும் இன்னொரு பக்கமும் வைத்தார்கள். சின்னது என்று அந்தப் பக்கத்துக்குப் பெயர். ஜவுளிக்கடை ஃப்ளோரில் அது சின்னதில்லை. தைரியம் இருக்கிறவன் எடுக்கிறான், தைரியம் இல்லாத எல்லாரும் "இல்லை" என்கிறார்கள், தைரியம் இல்லாதவர்கள்தானே அதிகம்.

நாள் முழுக்க நிற்பதைச் சொன்னதால் சொல்கிறேன். கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே வந்துவிட்டது, கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு. கேரளாவில் அதற்கு முன்பே, 2018இல். பல கடைகளில் ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறீர்கள், பார்த்தேன். அதில் யாராவது உட்கார்ந்து மட்டும் பார்த்ததில்லை, உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார். இதற்கு ஸ்டூல் வாங்காமலே இருந்திருக்கலாம். இல்லாத ஸ்டூலைவிட, உட்காரக் கூடாத ஸ்டூல்தான் ஆளை அதிகமாக எரிச்சலூட்டும்.

அந்தச் சூப்பர்வைசரையும் முழுசாகக் குற்றம் சொல்ல முடியாது. காலையில் நீங்கள் வாடிக்கையாளர் முன்னாலேயே அவரைக் கிழிக்கிறீர்கள். அவரால் உங்களைத் திருப்பிக் கேட்க முடியாது, அந்தச் சூடு எங்காவது இறங்க வேண்டுமே, புதிதாகச் சேர்ந்த பிள்ளை மேல் இறங்குகிறது. மேலே போக முடியாத கோபம் கீழே போகும் என்பதை உளவியல்காரர்கள் பல விதமாகச் சோதித்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், நம் வீடுகளிலும் தினம் நடப்பதுதான். அந்தப் பிள்ளை அழுதுவிட்டு வந்து வாடிக்கையாளரிடம் வெடுக்கென்று பேசும். சாயங்காலம் "ஏன் இந்தப் பிள்ளைகளுக்கு முகத்துல சிரிப்பே இல்ல?" என்று நீங்களே கேட்பீர்கள்.

எல்லாரும் நல்லவர்கள், நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். எந்தக் கடையில் விட்டாலும் சுரண்டும் ஆட்கள் உண்டு. தன்னைப் பற்றியே நினைப்பு, ஆளை வைத்துக் காய் நகர்த்தும் சாமர்த்தியம், அடுத்தவன் வலி உறைக்காத மனசு, இந்த மூன்று குணங்களையும் சேர்த்துப் பால்ஹஸ், வில்லியம்ஸ் என்ற இருவர் 2002இல் எழுதினார்கள், அதற்கப்புறம் அதைப் பற்றி ஏகப்பட்ட ஆராய்ச்சி. அப்படிப்பட்ட ஆள் முறைத்துக்கொண்டு நிற்க மாட்டார். உங்களுக்கு முன்னால் அவரைப்போலப் பணிவான ஆளே கிடையாது. மற்றவர்களைப் பற்றித் தினம் ஒரு சேதி கொண்டுவந்து தருவார், "முதலாளி கண்ணு" என்று பெயர் வாங்கியிருப்பார், சப்ளையரோடு அவர்தான் பேசுவார். சந்தேகப்பட்டால் அந்தப் பக்கம் கொஞ்சம் பாருங்கள், டியோடரன்ட் பையனை மட்டும் பார்க்காமல். மொத்தப் பிடித்தம் இப்படிப்பட்டவருக்குத்தான் வசதி. அவர் பெரிதாக எடுப்பது, எரிச்சலில் மற்றவர்கள் சின்னச் சின்னதாக எடுப்பதோடு கலந்துவிடுகிறது, மொத்தத்துக்கும் மற்றவர்கள் பணம் கட்டிவிடுகிறார்கள், நீங்களும் நஷ்டம் ஈடாகிவிட்டது என்று விசாரிக்காமல் விட்டுவிடுகிறீர்கள்.

இவரும் இல்லாமல், பதினைந்து வருஷமாகக் கல்லாவில் இருக்கும், உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறிய மனிதர் ஒருநாள் கை வைப்பார். கிரெஸ்ஸி சொன்ன அந்த முதல் விஷயம் இவருக்குத்தான் பொருந்தும். மீட்டர் வட்டி, ஆன்லைன் ரம்மி, வீட்டில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு. உங்களிடம் சொல்ல முடியாது. போன முறை ஒருவர் அட்வான்ஸ் கேட்டபோது எல்லார் முன்னாலும் என்ன சொன்னீர்கள் என்று அவர் கல்லாவிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாரே.

இனி என்ன செய்யச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. ஆறு மாதத்துக்கு மொத்தப் பிடித்தத்தை நிறுத்திப் பாருங்கள். சட்டமும் உங்களுக்குச் சாதகமாக இல்லை: 1936ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலிருந்து 2019இன் ஊதியச் சட்டத் தொகுப்பு வரைக்கும் ஒரே பேச்சுதான், நஷ்டத்துக்குப் பிடிப்பதென்றால் அந்த நஷ்டம் அந்த ஆளின் கவனக்குறைவாலோ தவறாலோ நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும், அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு கொடுத்திருக்க வேண்டும். அபராதம் என்றால் அந்தச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 11,000க்கு 330 ரூபாய். உங்கள் 800 எந்தக் கணக்கில் வருகிறது என்று எவனாவது ஒரு பையன் லேபர் ஆபீஸில் கேட்டால் மேனேஜர் என்ன சொல்வார் என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் போகும் சரக்குக்கு ஒரு பில் போடுங்கள், பணம் கட்ட வேண்டாம், உங்கள் பெயரில் கணக்கு எழுதினால் போதும். அதை டிரைவர் பார்ப்பார், பெட்டி தூக்கும் பையன் பார்ப்பான், ஒரு வாரத்தில் கடை முழுக்கத் தெரிந்துவிடும், அதற்கு ஒரு அறிவிப்பும் வேண்டாம். உடைந்ததை எழுத ஒரு நோட்டு வையுங்கள், எழுதினதற்காக யாரையும் திட்டக் கூடாது என்று மேனேஜருக்குச் சொல்லுங்கள், முதல் இரண்டு மாதம் அந்த நோட்டு பயமுறுத்தும் அளவுக்கு நிறையும், பதறாதீர்கள், அது புதுசாக உடைந்ததில்லை, இதுவரை உங்களுக்குத் தெரியாமல் போனது. சாயங்காலம் பையைச் சோதிப்பதென்றால் வாசலில் வாடிக்கையாளர் முன்னால் பிள்ளைகளின் பையைக் கொட்டாமல் உள்ளே வைத்துப் பாருங்கள், மேனேஜர் பையையும் பாருங்கள், முடிந்தால் அதை முதலில். வியாபாரம் படுத்துவிட்டது, போனஸ் குறைவுதான் என்றால் நீங்களே கீழே இறங்கி வந்து சொல்லுங்கள், ஒன்றரை மணி நேரம் வேண்டாம், நம் ஊரில் அரை மணி நேரம் முதலாளி நின்று பேசினாலே பெரிய விஷயம்.

அட்வான்ஸ் விஷயத்தில் எனக்கே தெளிவான பதில் இல்லை. எல்லாருக்கும் கொடுத்தால் கட்டுப்படியாகாது, சிலருக்குக் கொடுத்தால் மற்றவர்கள் கேட்பார்கள். கேட்பவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று மட்டும் சொல்வேன், இல்லை என்று சொல்வதானாலும் தனியாகச் சொல்லுங்கள்.

ஆடித் தள்ளுபடி முடிந்ததும் எப்படியும் ஸ்டாக் எடுக்கக் கூப்பிடுவீர்கள். அப்போது ஒரே தொகையாக ஷார்ட்டேஜ் கேட்காமல், பாக்கெட் போட்டதில் போனது, பில்லில் மாறியது, உடைந்தது, தேதி முடிந்தது, வீட்டுக்குப் போனது என்று பிரித்துக் கேளுங்கள், தருகிறேன். இரண்டு நாள் கூடுதலாகும், கூலி அதே கூலிதான்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் ஸ்டாக் எடுப்பவன்